பொம்மியின் கட்டி

நம் சங்க மலரின் ஆசிரியர் போனில் பேசினார். "சார், போன மலரில் தண்டவாள வெல்டிங் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் இந்த முறை வீட்டில் இருக்கிறவர்களும் படிக்கிற மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார். புரிந்துகொண்டேன். ஆகவே இந்த முறை எங்கள் வீட்டு நாயைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் தண்டவாளம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், பொறுத்தருள வேண்டும்.

பொம்மி எங்களிடம் வந்தது 2011-இல். அப்போது நாங்கள் நாக்பூர் அஜ்னி ரயில்வே காலனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பையன் வேலை கிடைத்துப் புனே போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருந்தது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் மாலை, இரண்டு மாதக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மனைவியின் மடியில் வைத்துவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது. பொமரேனியன் என்றார். நம் நாட்டில் அந்தப் பெயரில் வளர்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜாதி எதுவாக இருந்தால் என்ன? தயிர்சாதம் தின்னும். ஹிந்தியில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. தமிழில் திட்டினால்கூட வாலை ஆட்டும். மே மாத நாக்பூர் வெயிலில் கூலருக்கு நேர் எதிரே இடம் பிடித்துப் படுத்துவிடும். எங்களுக்கு மிச்சக் காற்றுதான்.

பெண் குட்டி. "கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்று தடுப்பூசி போட்ட கம்பவுண்டர் அப்போதே சொன்னார். "வாயில்லா ஜீவன், அதன் வயிற்றைக் கிழிப்பானேன்" என்று நான்தான் வேண்டாம் என்றேன். இரக்கம் என்று அன்று நினைத்தேன். இந்தக் கட்டுரையில் என் தவறுகள் வரிசையாக வரும். இது முதலாவது.

பார்த்துக்கலாம்!

2019 தீபாவளிக்கு முந்தைய வாரம். நமக்கு எண்ணெய்க் குளியல் என்றால் பொம்மிக்கும் உண்டு (எண்ணெய் இல்லாமல்). கொல்லையில் வாளியோடு உட்கார்ந்திருந்த என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க கொஞ்சம் கையை வெச்சுப் பாருங்க."

வயிற்றின் இடப்பக்கம், கடைசிக்கு முந்தைய காம்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் கொத்துக்கடலை அளவில் ஏதோ ஒன்று உருண்டது. அழுத்தினால் பொம்மி கத்தவில்லை. என் கையை நக்கியது.

"உண்ணி கடிச்ச இடமா இருக்கும். பார்த்துக்கலாம்" என்றேன்.

இந்தப் 'பார்த்துக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில் இரண்டரை மாதம் ஓடிவிட்டது. சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டோம். பொம்மி அதை நக்கித் தின்றுவிட்டு வாந்தி எடுத்தது. ஒருவர் ஹோமியோபதி உருண்டை கொடுத்தார். இன்னொருவர், மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை. நாம் சாதாரணமாக விழுங்கும் ஐப்யூபுரூபன் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடிக்கப் போதும்.

புனேயிலிருந்து பேத்தி ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். "தாத்தா, பொம்மிக்குக் கட்டி போயிடுச்சா?" என்பாள். "கரைஞ்சுக்கிட்டு இருக்கும்மா" என்பேன். கட்டி கரையவில்லை. வளர்கிறதா என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. தினம் தொட்டுப் பார்க்கிற கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கீமேன் கேட்ட கேள்வி

2020 பொங்கலுக்கு மறுநாள், என்னிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கீமேன் ஒருவர் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். சத்தீஸ்கர்காரர். ரயில்வேயில் இல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கீமேன் என்பவர் தன் பீட்டில் உள்ள ஐந்தாறு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தினமும் கையில் சுத்தியலோடு நடந்தே பார்ப்பவர். அவர் கண்ணுக்கும் காதுக்கும் தப்பியது எதுவும் இல்லை.

பொம்மி அவர் காலடியில் மல்லாந்து படுத்தது. வயிற்றைத் தடவிக் கொடுத்தவர் கை நின்றது. "சாப், இங்கே காண்ட் இருக்கிறதே!" என்றார். காண்ட் என்றால் ஹிந்தியில் முடிச்சு. கட்டிக்கும் அதே வார்த்தைதான்.

"தெரியும். அப்சர்வேஷனில் வைத்திருக்கிறேன்."

"எந்தத் தேதியிலிருந்து சாப்? அப்போது எவ்வளவு பெரிசு இருந்தது?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் தண்டவாளம் வருகிறது. ரயில் தண்டவாளத்தின் உள்ளே இருக்கும் விரிசல் வெளியே தெரியாது. அல்ட்ராசானிக் கருவியை அதன் மேல் தள்ளிக்கொண்டு போய், எதிரொலியை வைத்துக் கண்டுபிடிப்போம். பெரிய கோளாறு என்றால் 'ஐ.எம்.ஆர்.' என்று பெயர். சிவப்புப் பெயின்ட்டில் மூன்று பெருக்கல் குறி போடுவோம். வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று நாளைக்குள் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். சிறிய கோளாறு என்றால் 'ஓ.பி.எஸ்.' (அரசியல் நினைப்பு வேண்டாம்! 'அப்சர்வ்' என்பதன் சுருக்கம்.) அதற்கு ஒரே ஒரு பெருக்கல் குறி. கிளாம்ப் போட்டுக் கட்டி, கீமேன் தினமும் பார்க்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ரிஜிஸ்டரில் தேதி இல்லை என்பதற்காக இதே கீமேனை 1990-களில் ஒருமுறை கேங் முழுவதற்கும் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறேன். அவர் அதை மறந்திருக்க மாட்டார். ஆனால் அன்று சிரிக்கவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. பத்திரிகையை வைத்துவிட்டு, "நாளைக்கே காட்டிவிடுங்கள் சாப்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காட்டினேன். வீட்டருகே இருந்த ஒரு தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். தொட்டுக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். "வயதான நாய்தானே, ரொம்ப அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று ஆறுதல் வேறு. பையனும் போனில், "அப்பா, எட்டு வயசு ஆச்சு. ஆபரேஷன் அது இதுன்னு அதைக் கஷ்டப்படுத்தணுமா?" என்றான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. உள்ளூர ஒரு நிம்மதி என்றே சொல்லலாம்.

இரவு சாப்பாடு போடும்போது என் மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எனக்கு இப்படி ஒரு கட்டி இருந்தாலும் பார்த்துக்கலாம்னுதான் சொல்வீங்களா?"

அந்த வாரமே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டோம்.

அளந்து எழுதிய டாக்டர்

நாக்பூர் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958-இல் தொடங்கியது. செமினரி ஹில்ஸில் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் உள்ளே போனதில்லை. வெளிநோயாளி வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, இரண்டு லாப்ரடார், கூண்டில் ஒரு கிளி. பொம்மி என் மனைவியின் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

பார்த்தவர் ஒரு மராத்தியப் பெண் டாக்டர். எங்கள் பையன் வயதுதான் இருக்கும். நாயை மேஜையில் நிற்க வைத்து, பிறகு படுக்க வைத்து, ஐந்து ஜோடிப் பால் சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான். 3.4 சென்டிமீட்டர். கேஸ் பேப்பரில் நாயின் வயிற்றைப் படமாக வரைந்து, இடத்தைக் குறித்து, அளவையும் தேதியையும் எழுதினார். வலப்பக்கம், நாங்கள் பார்க்கவே பார்க்காத இடத்தில் பட்டாணி அளவில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்.

அவர் பொறுமையாகச் சொன்ன விவரங்களை, நாய் வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு உதவும் என்று இங்கே தருகிறேன்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது பால் சுரப்பிக் கட்டிதான். பின்பக்கம் உள்ள இரண்டு ஜோடிச் சுரப்பிகளில் வருவதே அதிகம். அவற்றில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்றுநோய். கையால் தொட்டு இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதைத் தாண்டத் தாண்டக் குறையும்.

பொம்மியின் கட்டி அந்தக் கோட்டை எப்போது தாண்டியது? நவம்பரிலா, டிசம்பரிலா? ரிஜிஸ்டர் இருந்தால் அல்லவா தெரியும்!

கருத்தடை பற்றியும் கேட்டேன். 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இந்தக் கட்டி வரும் அபாயம், செய்யாத நாயோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு அரை பங்குதான். ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8 சதவீதம். இரண்டாவதற்குப் பிறகு 26 சதவீதம். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எந்த வயதில் செய்வது என்பதும் இனத்துக்கு இனம் மாறும். ஆகவே குட்டி வீட்டுக்கு வந்ததுமே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. என்னைப் போல இரக்கப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

கட்டிகளில் எத்தனை வகை!

கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம், உண்ணிக்கடி என்று ஒதுக்கவும் வேண்டாம். கடிபட்ட இடத்தில் சீழ்க் கட்டி வரும்; தொட்டால் சுடும், வலிக்கும். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வந்து சில வாரங்களில் தானே மறையும். வயதான, பருத்த நாய்களுக்குத் தோலடியில் மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டி வரும். பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று உண்டு. அது எந்த வேஷமும் போடும். மரு போல இருக்கும், கொழுப்புக் கட்டி போலவும் இருக்கும். ஒருநாள் வீங்கும், மறுநாள் சுருங்கும். சுருங்கிவிட்டதே என்று ஏமாந்தவர்கள் பலர். எந்தக் கட்டியையும் அழுத்திப் பிதுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடையாளம் காண முதல் படி, மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மயக்க மருந்து வேண்டியதில்லை. சில நிமிஷ வேலை. நம் அல்ட்ராசானிக் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பால் சுரப்பிக் கட்டியில் இது முழு விடை தராது. கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் முடிவு தெரியும்.

அங்கே காத்திருந்தபோது இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பால் பூத் வைத்திருக்கும் ஒருவர், தன் கடை வாசலில் கிடக்கும் காலு என்ற தெருநாயை ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். அதன் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி, ரத்தம் சொட்டியது. இது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு விசித்திரமான புற்றுநோய். கிருமியால் அல்ல, புற்றுநோய்ச் செல்லே ஒரு நாயின் உடம்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள்தான் இன்றைக்கும் உலகெங்கும் இப்படிப் பரவிக்கொண்டிருக்கின்றனவாம். பார்க்கப் பயங்கரம்; ஆனால் பெரும்பாலும் குணமாகிவிடும். வாரம் ஓர் ஊசி வீதம் சில வாரங்கள் போட வேண்டும். மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது எடுக்கப்படுவது எதிலிருந்து தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! மராத்திக்காரர்கள் 'சதாஃபுலி' என்கிறார்களே, அதேதான். இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து நாய்க்கு அரைத்துக் கொடுக்க வேண்டாம். செடி விஷம். ஊசியும் நரம்புக்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். டாக்டர் கையால்தான் போட வேண்டும்.

ஆபரேஷன்

நெஞ்சை மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவது உண்டு. அங்கே புள்ளிகள் தெரிந்தால் ஆபரேஷனால் பயன் குறைவு. பொம்மிக்குச் சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் ஒரு சிறு குறை. அதைச் சரிசெய்ய மருந்து கொடுத்து, பிறகு 2020 மார்ச் 2-ஆம் தேதி நாள் குறித்தார்கள். முதல்நாள் இரவிலிருந்து ஆகாரம் கொடுக்கக் கூடாது. அது பட்டினி கிடக்க நாம் எப்படிச் சாப்பிடுவது என்று என் மனைவியும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு "இன்னிக்கு விரதம்" என்றாள். என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை.

இடப்பக்கத்துக் கடைசி மூன்று சுரப்பிகளையும், வலப்பக்கத்துப் பட்டாணியையும் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் பின்னால் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு என்று அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம். வராந்தாவில் நடந்த தூரத்தை அளந்திருந்தால் ஒரு பீட் தேறியிருக்கும். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று.

தையலை நக்காமல் இருக்க பிளாஸ்டிக் காலர் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு பொம்மி சுவரில் எல்லாம் முட்டியது. என் மனைவி தன் பழைய காட்டன் புடவையைக் கிழித்து, நாலு கால்களுக்கும் ஓட்டை விட்டு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். மார்ச் 14-ஆம் தேதி தையல் பிரித்தார்கள். 20-ஆம் தேதி ரிப்போர்ட் வந்தது. சிறியது சாதாரணக் கட்டி. பெரியது புற்றுநோய், ஆனால் சுற்றி எடுத்த ஓரங்கள் சுத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் ஊரடங்கு வந்துவிட்டது.

பயணிகள் ரயில்களே நின்றுபோன அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பழைய ரயில்வே டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பொம்மியை மல்லாக்கப் படுக்க வைத்து, என் மனைவி விரலால் தேடுவாள், நான் எழுதுவேன். தேதி, இடம், அளவு, எடை. 'ஒன்றுமில்லை' என்று எழுதிய பக்கங்கள் எத்தனையோ! ஆகஸ்டில் எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தம். அடுத்த வருஷமும் சுத்தம். பேத்தி லீவுக்கு வந்து பொம்மியோடு மொட்டைமாடியில் ஓடினாள்.

2022 ஏப்ரலில் இருமல் ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளிகள். ஜூன் மாதம் ஒரு மழை நாளில், என் மனைவியின் மடியிலேயே போய்விட்டது. பதினோரு வருஷத்துக்கு முன் வைத்துவிட்டுப் போன அதே மடி.

பிறகு ஒருநாள் நான் மட்டும் டாக்டரைப் பார்க்கப் போனேன். "தீபாவளிக்கே கொண்டுவந்திருந்தால்?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "சொல்ல முடியாது அங்கிள். ஆனால் ஒரு சென்டிமீட்டரில் எடுப்பது மூன்றரையில் எடுப்பதைவிட எப்போதும் நல்லது" என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. மலரில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாய், பூனை, முயல் எது வளர்த்தாலும் சரி. வாரம் ஒருநாள் தலையிலிருந்து வால் வரை கையால் தடவிப் பாருங்கள். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் காலண்டரிலேயே தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். காலிப்பர் இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முடியைக் கொஞ்சம் ஒதுக்கி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் போட்டோ எடுத்தாலும் அளவு தெரிந்துவிடும். பெண் நாயின் மடியில் தட்டுப்பட்டால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். அந்த வாரமே காட்டிவிடுங்கள். மற்ற இடத்துக் கட்டி என்றாலும், ஒரு மாதம் கழித்தும் இருந்தாலோ, வளர்ந்தாலோ, புண்ணானாலோ தாமதம் வேண்டாம். மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தால், "ஊசி வைத்துப் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கீமேனின் பெண் கல்யாணத்துக்குப் போக எனக்கு முடியவில்லை. இப்போது அவளுக்கு ஒரு பையன். போன மாதம் போன் செய்தபோது கீமேன், தன் வீட்டில் ஒரு நாய்க்குட்டி வந்திருப்பதாகச் சொன்னார். பெண் குட்டியா என்று கேட்டேன். "ஆமாம் சாப். ஆபரேஷனுக்கு டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன்" என்றார்.